நாம் சுவாசிக்கும் காற்றை நாமே அளக்கலாம்!

(இறுதியாண்டு மாணவி, மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு)



ஒரு நாளைக்கு எத்தனை இட்லி சாப்பிடுகிறோம், எத்தனை தம்ளர் தண்ணீர் குடிக்கிறோம் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவோம். எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறோம் என்று கேட்டால்? கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கூட ஒரு நாளில் ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். நாம் வாங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேனால் அளந்தால் 500 கேன்! தண்ணீர் கலங்கலாக இருந்தால் கேனைத் திருப்பிக் கொடுத்துச் சண்டை போடுவோம். காற்றை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. எங்கள் வீட்டுக் குழாயடியிலிருந்து வந்தது.

என் அம்மா வடசென்னையில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். விடியற்காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்தால், மதியம்தான் வீட்டுக்கு வருவாங்க. வந்ததும் முதல் வேலை, குழாயடியில் உட்கார்ந்து வாய் கொப்பளிப்பது. துப்புகிற தண்ணீர் கருப்பாக இருக்கும். சின்ன வயதிலிருந்து பார்த்ததால் எனக்கு அது பெரிதாகவே படவில்லை. வேலைவிட்டு வரும் எல்லா அம்மாவும் கருப்பாகத்தான் துப்புவாங்க என்று நினைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இது சரியில்லை என்று எனக்குச் சொல்லித்தர வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

இந்த ஆண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு கேட்டபோது எங்கள் பேட்ச்சில் ஒருவன் தானியங்கித் தெருவிளக்கு என்றான், இன்னொருத்தி கோடு பார்த்து ஓடும் ரோபோ என்றாள். நான், "காற்றை அளக்கும் பெட்டி செய்வோம், கையோடு எடுத்துப் போகிற மாதிரி" என்றேன். ஏன் என்று அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அதோடு, அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது, எங்கே நம்மை ஏமாற்றும் என்பதையும் சொல்லப் போகிறேன்.

தூசு என்றால் எவ்வளவு சிறியது?

காற்றில் மிதக்கும் துகள்களை அவற்றின் பருமனை வைத்துப் பிரிக்கிறார்கள். 10 மைக்ரான், அதற்குக் கீழே உள்ளவை பி.எம். 10. 2.5 மைக்ரான், அதற்குக் கீழே உள்ளவை பி.எம். 2.5. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் பருமனே சுமார் 50 முதல் 70 மைக்ரான் என்றால், 2.5 மைக்ரான் எவ்வளவு சிறியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் பிடித்து நிறுத்திவிடும். தும்மலாக, சளியாக வெளியே வரும். அம்மா துப்பும் கருப்பு அதுதான். பி.எம். 2.5 அப்படி நிற்காது. நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய்விடும். அதிலும் மிக நுண்ணியவை இரத்தத்திலேயே கலக்கும். வெளிக்காற்று மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2013 அக்டோபரில் அறிவித்தது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் வெளிக்காற்று மாசால் உலகில் சுமார் 42 லட்சம் பேர் அகால மரணம் அடைந்ததாக அந்த நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

எவ்வளவு இருந்தால் பரவாயில்லை? நம் நாட்டில் 2009-இல் அறிவித்த தர அளவுப்படி, பி.எம். 2.5 ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோ கிராமைத் தாண்டக்கூடாது. ஆண்டுச் சராசரி 40. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு இன்னும் கடுமையானது: 24 மணி நேரத்துக்கு 15, ஆண்டுக்கு 5.

பெரிய நிலையம் என்ன செய்கிறது?

சென்னையில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி போன்ற இடங்களில் தொடர்ந்து காற்றை அளக்கும் அரசு நிலையங்கள் உண்டு. ஒரு சிறிய அறை, கூரைமேல் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய், உள்ளே ஏசி, கருவிகள். நுண்துகளை அளக்க அங்கே பெரும்பாலும் பீட்டா கதிர் முறையைப் பயன்படுத்துகிறார்கள். குழாய் வழியே ஒரே சீரான வேகத்தில் காற்றை இழுத்து, ஒரு வடிகட்டி நாடாவில் தூசியைப் படிய வைப்பார்கள். நாடாவின் ஒரு பக்கமிருந்து பீட்டா கதிரைச் செலுத்தினால், தூசி எவ்வளவு படிந்திருக்கிறதோ அவ்வளவு கதிர் மறுபக்கம் குறைந்து வரும். அதை வைத்து எடையைக் கணக்கிடுவார்கள். நல்ல நம்பகமான முறை. ஆனால் செலவு அதிகம். அதனால் பல கிலோமீட்டருக்கு ஒன்றுதான் வைக்க முடிகிறது.

இந்த அளவுகளிலிருந்துதான் காற்றுத் தரக் குறியீடு என்ற எண் வருகிறது. 2015 ஏப்ரலில் நம் நாட்டில் தொடங்கினார்கள். 0 முதல் 50 வரை நல்லது, 100 வரை திருப்திகரம், 200 வரை மிதமானது, 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை என்று ஆறு படிகள். செல்போனில் 'சமீர்' என்ற செயலியில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நானும் பார்த்தேன். அம்மா இருமிக்கொண்டே வந்து திண்ணையில் சாய்ந்த ஒரு நாள், எங்களுக்குப் பக்கத்து நிலையம் காட்டியது 'திருப்திகரம்'. எனக்குக் கோபம் வந்தது. அந்த நிலையம் பொய் சொல்கிறது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் சார்தான் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு தெருவில் 23 மணி நேரம் பி.எம். 2.5 அளவு 40 என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு மணி நேரம் மட்டும் புகை மண்டி 520 ஆகிறது. சராசரி என்ன? 23 பெருக்கல் 40, 920. கூட்டல் 520, மொத்தம் 1,440. அதை 24-ஆல் வகுத்தால் சரியாக 60! சட்டப்படி தப்பே இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் தெருவில் நின்றவர் கதி?

அது மட்டுமில்லை. ஒரே காற்றை இருவர் சுவாசித்தாலும் உள்ளே போவது ஒரே அளவு அல்ல. உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 8 லிட்டர் இழுக்கிறார் என்றால், குனிந்து நிமிர்ந்து கூட்டுகிறவர் 25 லிட்டர் இழுக்கிறார் என்று வைப்போம். காற்றில் 60 மைக்ரோ கிராம் இருந்தால், முதலாமவருக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் 29 மைக்ரோ கிராம். இரண்டாமவருக்கு 90. மூன்று மடங்கு!

ஆக நண்பர்களே, நிலையம் பொய் சொல்லவில்லை. அது ஊரின் காற்றை அளக்கிறது. என் அம்மாவின் மூச்சை அளக்கவில்லை. அதை அளக்க வேண்டுமானால் கருவி அம்மா கூடவே போகவேண்டும்.

பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறது?

ரிச்சி தெருவில் இரண்டு சனிக்கிழமை அலைந்து, நான்கு பேரும் பங்கு போட்டுச் சாமான்களை வாங்கினோம். ஒரு தூசு சென்சார், ஒரு ஈ.எஸ்.பி. 32 போர்டு, ஒரு ஜி.பி.எஸ். மாட்யூல், வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன சென்சார், ஒரு மெமரி கார்டு, ஒரு பவர் பேங்க். எல்லாம் சேர்ந்து ஒரு டிபன் பாக்ஸ் அளவு.

நாங்கள் வாங்கிய தூசு சென்சார் பி.எம்.எஸ். 5003 என்ற வகை. தத்துவம் மிக எளிது. ஓட்டு வீட்டுக்குள் கண்ணாடி ஓடு வழியாக வெயில் விழும்போது, அந்த ஒளிக்கற்றையில் தூசி மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் இது! வெயிலுக்குப் பதில் ஒரு சிறு லேசர். கண்ணுக்குப் பதில் ஒரு போட்டோ டயோடு. ஒரு சின்ன விசிறி காற்றை உள்ளே இழுக்கும். துகள் லேசரைக் கடக்கும்போது ஒளி சிதறும். சிதறல் எத்தனை முறை, எவ்வளவு பலமாக வருகிறது என்பதை வைத்து எத்தனை துகள், என்ன பருமன் என்று ஊகித்து, அதை மைக்ரோ கிராமாக மாற்றிச் சொல்கிறது.

கவனியுங்கள், 'ஊகித்து' என்றுதான் எழுதியிருக்கிறேன். நிலையம் எடையை அறிய தூசியையே பிடித்து வைக்கிறது. இது வெறும் மினுக்கலைப் பார்த்து எடையை யூகிக்கிறது. வித்தியாசம் பின்னால் வரும்.

சென்சார் ஒவ்வொரு முறையும் 32 பைட் கொண்ட ஒரு கட்டாக, 9600 பாட் வேகத்தில் விவரம் அனுப்பும். முதல் இரண்டு பைட் அடையாளம். கடைசி இரண்டு பைட், முன்னால் வந்த 30 பைட்டின் கூட்டுத்தொகை. கூட்டிப் பார்த்து ஒத்துவரவில்லை என்றால் அந்தக் கட்டைத் தூக்கிப் போடவேண்டும். மைக்ரோபிராசஸர் பாடத்தில் 'செக்சம்' என்று மனப்பாடம் செய்தோமே, அது எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இன்னொன்று: விசிறிக்கு 5 வோல்ட் வேண்டும், ஆனால் சிக்னல் கால்கள் 3.3 வோல்ட். விசிறி சுழலத் தொடங்கிய பிறகு குறைந்தது 30 விநாடி கழித்து வரும் அளவைத்தான் எடுக்கவேண்டும்.

போர்டு இந்த அளவோடு நேரம், இடம், ஈரப்பதம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு வரியாக்கும். அம்மாவின் பையிலிருந்த என் பழைய செல்போனின் ஹாட்ஸ்பாட் வழியாக அந்த வரி சர்வருக்குப் போகும். நான் கல்லூரி லேபில் உட்கார்ந்தே அம்மா போகும் தெருவின் காற்றைத் திரையில் பார்க்கலாம். நெட்வொர்க் கிடைக்காத சந்தில் மெமரி கார்டில் எழுதிவைத்து, கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். இணைப்புள்ள கையடக்கக் கருவி என்பது இவ்வளவுதான்.

முதல் நாள் இடுப்பில் கட்டிவிட்டபோது அம்மா கேட்டாங்க: "இன்னாம்மா இது? டிபன் பாக்ஸ்ல காத்தாடி சுத்துது?"

"நீ இழுக்கிற காத்துல எவ்ளோ தூசி இருக்குன்னு எண்ணும்மா."

"எண்ணி?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நாங்கள் செய்த நான்கு தப்புகள்

முதல் தப்பு: பெட்டியை அழகாக மூடினோம். சென்சாரில் காற்று உள்ளே போகும் துளையும் வெளியே வரும் துளையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வெளியேறிய காற்றே பெட்டிக்குள் சுற்றி மறுபடி உள்ளே போனது. முழு நாளும் ஒரே மாதிரி அளவு. பிறகு நடுவில் ஒரு தடுப்பு வைத்து, இரண்டு துளைக்கும் தனி வழி செய்தோம்.

இரண்டாம் தப்பு: மின்சாரம் மிச்சமாகட்டும் என்று போர்டை அடிக்கடி தூங்க வைத்தோம். கரண்டு எடுப்பது குறைந்ததும், போன் சார்ஜ் ஏறிவிட்டது போலும் என்று பவர் பேங்க் தானே அணைந்துவிட்டது! இரண்டு நாள் விவரம் போச்சு.

மூன்றாம் தப்பு: மார்கழி மாதம் ஒரு விடியற்காலை, திரையில் எண்கள் எகிறின. எல்லாத் தெருவிலும் உச்சம். நாங்கள் நாலு பேரும் பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகத் துள்ளினோம். சார் வந்து பார்த்தார். "வெளியே எட்டிப் பாருங்க" என்றார். பனி மூட்டம்! மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் உப்பு நீர்த்துப் போகிறது அல்லவா? காற்றில் மிதக்கும் துகளும் அதே மாதிரி ஈரத்தை இழுத்து உப்பிவிடும். லேசருக்கு அது பெரிய தூசியாகத் தெரியும். பெரிய நிலையத்தில் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி உலர்த்தி அளக்கிறார்கள். நம் பெட்டியில் அந்த வசதி இல்லை. அதனால்தான் ஈரப்பத சென்சார் கட்டாயம் வேண்டும். ஈரப்பதம் மிக அதிகமான நேரத்து அளவைத் திருத்தவேண்டும், அல்லது ஒதுக்கவேண்டும்.

நான்காம் தப்பைத்தான் என்னால் மறக்க முடியாது.

அம்மா தெருக் கூட்டும் நேரத்து அளவைத் தனியாக எடுத்துப் பார்த்தோம். எண் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. அம்மாவைச் சுற்றி மண் புழுதி பறப்பதை நான் கண்ணால் பார்த்தேன். பெட்டியோ ஒன்றுமே இல்லை என்கிறது. இந்தச் சமயத்தில், தூசிக்கு நல்ல மாஸ்க் வேண்டும் என்று அம்மாவும் கூட வேலை செய்யும் அக்காக்களும் மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "உன் பொண்ணு செஞ்ச மிஷினே பெருசா ஒண்ணும் இல்லைன்னுதானே காட்டுது? அப்புறம் இன்னாத்துக்கு மாஸ்க்?" என்று சொல்லிவிட்டார். அம்மா பெருமையாகப் பெட்டியை எல்லோரிடமும் காட்டியதன் பலன் அது!

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவுக்கு நல்லது செய்யப் போய், அம்மாவின் வாயை அடைக்க ஒரு கருவி செய்து கொடுத்துவிட்டேனே என்று அழுகையாக வந்தது.

ஆனால் அம்மா அசரவில்லை. "வாயில மண்ணு நறநறன்னுது. உன் பொட்டிக்கு வாய் இல்ல, எனக்கு இருக்கு. நான் சொல்றதுதான் ரைட்டு" என்றாங்க.

அம்மா சொன்னதுதான் சரி! தேடிப் படித்தபோது தெரிந்தது. இந்த வகை லேசர் சென்சார்கள் புகை போன்ற நுண்ணிய துகளை நன்றாகக் காணும். மண் புழுதி போன்ற பருமனான துகளைச் சரியாக எண்ணாது. சின்ன விசிறியின் இழுப்புக்குப் பருமனான துகள் வளைந்து உள்ளே போவதில்லை. பி.எம். 10 என்று அது காட்டும் எண்கூடப் பெரும்பாலும் சிறு துகளை வைத்துப் போடும் ஊகமே. எடைக் கணக்கில் இது எவ்வளவு பெரிய ஓட்டை தெரியுமா? 10 மைக்ரான் துகள் ஒன்று, 2.5 மைக்ரான் துகளைவிட விட்டத்தில் 4 மடங்கு. கன அளவில் 4 பெருக்கல் 4 பெருக்கல் 4, 64 மடங்கு! ஒரு பெரிய துகளைத் தவறவிட்டால் 64 சிறு துகளின் எடையைத் தவறவிட்ட மாதிரி.

பிறகு ஒரு பழைய வழியில் போனோம். பிசிக்ஸ் லேபில் மைக்ராஸ்கோப் கேட்டோம். இரண்டு கண்ணாடி ஸ்லைடில் வாசலின் தடவினோம். ஒன்றை அம்மா கூட்டும் ஒரு மணி நேரம் தோளில் மாட்டினோம். இன்னொன்றை அதே தெருவில், கூட்டாத ஒரு மணி நேரம் வைத்தோம். வித்தியாசத்தைப் பார்க்க மைக்ராஸ்கோப்கூடத் தேவைப்படவில்லை. வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அந்த இரண்டு ஸ்லைடையும் செய்தித்தாளில் சுற்றி அம்மாவிடமே கொடுத்தோம். மேஸ்திரி ரொம்ப நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம்.

அளவைத் திருத்துவது எப்படி?

கடையில் புதுத் தராசு வாங்கினால் தெரிந்த எடைக்கல்லை வைத்துச் சோதிப்பது போல, நம் சென்சாரையும் சோதிக்கவேண்டும். இதைத்தான் காலிபிரேஷன் என்கிறோம். இரண்டு படிகள்.

ஒன்று, ஒரே மாதிரி இரண்டு பெட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க வைப்பது. இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கினால் நல்லது. இல்லையென்றால் ஒன்று பழுது.

இரண்டு, பெட்டியை அரசு நிலையத்துக்கு அருகில் சில வாரங்கள் வைத்து, நிலையம் வெளியிடும் ஒரு மணி நேர அளவோடு ஒப்பிடுவது. நாங்கள் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடைக்காரரிடம் கெஞ்சி, அவர் மாடியில் பெட்டியைக் கட்டினோம். நம் அளவைக் கிடை அச்சிலும் நிலையத்தின் அளவைச் செங்குத்து அச்சிலும் புள்ளி வைத்தால் ஒரு சாய்கோடு கிடைக்கும். கணக்குப் பாடத்தில் வரும் நேர்கோட்டுச் சமன்பாடுதான். அதோடு ஈரப்பதத்தையும் சேர்த்தால் இன்னும் பொருந்தும். ஆனால் அந்தச் சமன்பாடு அந்த இடத்துக்கும் அந்தப் பருவத்துக்கும்தான். வெயில் காலத்தில் மறுபடி செய்யவேண்டும்.

இதனால்தான் நண்பர்களே, அம்மாவின் தெருவில் எங்களுக்குக் கிடைத்த எண் எதையும் இந்தக் கட்டுரையில் நான் எழுதவில்லை. மலரில் அச்சேறிவிட்டால் யாராவது அதை உண்மை அளவு என்று எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பெட்டியால், எங்கே அதிகம், எப்போது அதிகம் என்று சொல்ல முடியும். எவ்வளவு என்று சொல்ல இன்னும் தகுதி வரவில்லை.

எங்கே, எப்போது என்பதே போதும்!

அந்த இரண்டும் தெரிந்ததே எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. பெட்டி நன்றாகக் காண்பது புகையை. வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளைப் போட்டதும் இரண்டு இடம் தனியாகத் தெரிந்தது. ஒன்று, பஸ்கள் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் திருப்பம். அம்மாவும் மற்றவர்களும் டீ குடிக்க உட்காருவது அதே இடத்தில்! இப்போது இருபது அடி தள்ளி, மரத்தடியில் உட்காருகிறார்கள். செலவில்லாத வைத்தியம்.

இன்னொன்று, ஒரு சந்தின் முனை. ஏறக்குறைய தினமும் காலை ஒரே நேரத்தில் எண் ஏறியது. கூட்டிய சருகையும் பிளாஸ்டிக்கையும் வண்டியில் ஏற்ற நேரமில்லாமல் அங்கேயே கொளுத்தியிருக்கிறார்கள். திறந்த வெளியில் குப்பை எரிக்க தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் நாடு முழுக்கத் தடை விதித்து, சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று உத்தரவிட்டது. ஆனால் இங்கே கொளுத்தியது யார்? அம்மாவோடு வேலை செய்யும் அக்காக்கள்தான். வண்டி வரும் முன் தெரு சுத்தமாக வேண்டும் என்று விரட்டினால் அவர்கள் என்ன செய்வார்கள்? அதனால் யார் கொளுத்தினார்கள் என்று நாங்கள் எழுதவில்லை. எந்த நேரத்தில் வண்டி வந்தால் கொளுத்த வேண்டியிருக்காது என்று எழுதி, வரைபடத்தோடு கொடுத்தோம். வண்டி நேரம் மாறியது. அந்த முனையில் இப்போது புகை இல்லை. மாஸ்க் ஒரு பெட்டி வந்தது, பத்து நாளில் தீர்ந்தது. மறுபடி கேட்டிருக்கிறார்கள். இன்னும் வரவில்லை. கூட்டும் முன் தண்ணீர் தெளிக்க அம்மா ஒரு பழைய பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு வைத்திருக்காங்க.

அம்மா கேட்ட இன்னொரு கேள்வி: "நான் எங்க குந்தி டீ குடிக்கிறேன்னு இதுல தெரியுமா?" தெரியும்! ஜி.பி.எஸ். இருக்கிறதே. தூசியை அளக்கச் செய்த பெட்டி, ஆளைக் கண்காணிக்கும் பெட்டியாக மாற ஒரு நிமிடம் போதும். அதனால் பல நாள் விவரத்தைக் கலந்து, தெருவுக்கு ஒரு புள்ளி மட்டும் காட்டுகிறோம். யார் எந்த நிமிடம் எங்கே இருந்தார் என்பதை அழித்துவிடுகிறோம். இப்படிக் கருவி செய்யும் யாரும் இதை மறக்கக்கூடாது.

உலகம் என்ன செய்கிறது?

அமெரிக்காவில் ஓக்லாந்து நகரில் 2015, 2016 ஆண்டுகளில் கூகுளின் தெருப்படம் எடுக்கும் இரண்டு கார்களில் காற்றை அளக்கும் கருவிகளை வைத்து, தெருத்தெருவாக மறுபடி மறுபடி ஓட்டினார்கள். 2017-இல் வெளியான முடிவு: ஒரே தெருத்தொகுதிக்குள்ளேயே மாசு 5 முதல் 8 மடங்கு வரை மாறுகிறது! ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்து ஆர்வலர்கள் 2015-இல், வீட்டுப் பால்கனியில் மலிவான தூசு சென்சார் மாட்டும் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். அது பல நாடுகளுக்குப் பரவியது. லண்டனில் 2016 மார்ச்சில் புறாக்களின் முதுகிலேயே சின்ன சென்சாரைக் கட்டிப் பறக்கவிட்டார்கள்!

அதே லண்டனில் நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். எல்லா அடூ கிஸி டெப்ரா என்ற 9 வயதுச் சிறுமி, வாகனங்கள் நிறைந்த பெரிய சாலைக்கு அருகில் வசித்தாள். ஆஸ்துமா முற்றி 2013 பிப்ரவரியில் இறந்துபோனாள். அவளுடைய தாய் விடவில்லை. ஏறக்குறைய 8 ஆண்டுகள் போராடினார். வீட்டிலிருந்து சுமார் ஒரு மைல் தூரத்தில் இருந்த கண்காணிப்பு நிலையத்தின் பதிவுகளும் சாட்சியாக வந்தன. 2020 டிசம்பரில் அவள் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று விசாரணையில் தீர்ப்பானது. அந்தப் பதிவுகள் இல்லாவிட்டால் அந்தத் தாய் எதைக் காட்டியிருப்பார்? அளந்து எழுதி வைத்தது ஒருநாள் பேசும்.

கடைசியாக...

நண்பர்களே, நம்மில் பலருடைய வீட்டில் ஆட்டோ ஓட்டுகிற அப்பா, ரோட்டோரம் கடை போடுகிற அம்மா, லேத்துப் பட்டறை அண்ணன் இருக்கிறார்கள். ஊர்க் காற்றின் கெடுதல் முதலில் போய்ச் சேர்வது அவர்களிடம். அவர்கள் நின்று வேலை செய்யும் இடத்தில் நிலையம் இல்லை. அங்கே போகக்கூடிய கருவியைச் செய்யும் படிப்பு நம் கையில் இருக்கிறது. அடுத்த ஆண்டு புராஜெக்ட் தேடும் தம்பி தங்கைகள் எங்கள் சர்க்யூட்டையும் புரோகிராமையும் லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எங்கள் நான்கு தப்புகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது தப்பை நீங்கள் புதிதாகச் செய்யுங்கள்!

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கருவி ஒன்று சொல்லி, அங்கே வேலை செய்கிறவர் வேறு சொன்னால், முதலில் கருவியைச் சந்தேகப்படுங்கள்.

"எண்ணி?" என்று அம்மா கேட்டதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்குப் பாதி பதில் இருக்கிறது. ஒரு சந்தில் புகை நின்றது. அம்மா குழாயடியில் துப்பும் தண்ணீர் இன்னும் முழுசாக வெளுக்கவில்லை. மீதிப் பதிலை வேலைக்குப் போய்க் கண்டுபிடிக்கிறேன்.

மைக்ராஸ்கோப் தந்த பிசிக்ஸ் லேப் அண்ணனுக்கும், மாடி தந்த டீக்கடை அண்ணாச்சிக்கும், பெட்டியை இடுப்பில் சுமந்த என் அம்மாவுக்கும் நன்றி.